சஹனுக்கு ஓராள் குறைந்த நாள்

புதிதாகக் கந்தோருக்கு வேலைக்கு வந்திருக்கும் சாரதிமாருக்கும் வெளிக்கள உதவியாளர்மாருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாம் வகுப்போடு சரி. கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

வாகனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டத் தெரிந்துதான் வந்திருப்பீர்கள். எண்ணெய், தண்ணீர், டயர் காற்று எல்லாம் பயிற்சியில் சொல்வார்கள். அங்கே சொல்லாததைச் சொல்கிறேன்.

விவசாயக் கந்தோரின் கெப் வண்டி ஊருக்குள் நுழைந்தால் ஆட்கள் முதலில் பார்ப்பது சாரதியின் முகத்தை. உள்ளே இருக்கும் அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார். சாரதி மாறமாட்டான். அவன் முகம் சரியில்லை என்றால் ஏதோ பிரச்சினை என்று எல்லாரும் வேலிக்குப் பின்னால் போய்விடுவார்கள். சிரிக்கத் தேவையில்லை. நானும் சிரிக்கிறவன் இல்லை. கடுகடுவென்று இல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. அரசாங்கம் கொடுக்கும் சாமானை ஆட்கள் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பார்த்து ஏசாதீர்கள்.

ஒருமுறை மருந்தடிக்கிறவர்களுக்கு முகமூடி, கையுறை, கண்ணாடி கொடுத்தோம். பயிருக்கு அடிக்கும் மருந்தைச் சொல்கிறேன். கொஞ்ச நாள் கழித்துக் கல்பிட்டிப் பக்கம் போனால், ஒரு மிளகாய்த் தோட்டத்தில் பறவை விரட்ட வைத்த வைக்கோல் வெருளி நிற்கிறது. முகமூடி, கையுறை, கண்ணாடி, ஒன்றும் குறைவில்லை. தோட்டக்காரர் அதற்குப் பக்கத்தில் வெறும் முகத்தோடு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்தவர் விவசாயப் போதனாசிரியர். உடப்பு ஊர்ப் பிள்ளை. அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். நாங்கள் மிஸ் என்போம். மிஸ் ஏசுவார் என்று பார்த்தேன். அவர் சிரித்துச் சிரித்து வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏன் போடவில்லை என்று கேட்டார்.

"அதப் போட்டா மூச்சு முட்டுது மிஸ். வெருளிக்கு மூச்சு இல்லதானே."

மிஸ் எழும்பிப்போய் வெருளியின் முகமூடியைக் கழற்றினார். உதறினார். தானே போட்டுக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய டாங்கியை முதுகில் ஏற்றி, வெயிலில் ஒரு வரிசை நடந்தார். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. உண்மைதான், முட்டுது என்றார். அடுத்த முறை வேறு வகை முகமூடி கொண்டுபோனோம். வெயில் ஏறுமுன் அடித்து முடிக்கும்படியும் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதர் போட்டார். மிஸ் முதலில் போட்டுப் பார்த்ததால் போட்டார். வேறு காரணம் இல்லை.

இனி நான் சொல்ல நினைத்த கதை.

அரசாங்கம் புது வேலைத்திட்டம் ஒன்று கொண்டுவந்தது. விவசாயிகளின் உளநலமும் தொழிற்பாதுகாப்பும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். கந்தோரில் பலருக்குச் சிரிப்பு. மெஷின் பெல்ட்டுக்கு மூடி போடச் சொல்லலாம், மனதுக்கு என்ன மூடி போடுவது என்று பகிடி விட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கிழமையில் ஒரு பெண் மிஸ்ஸைத் தேடி வந்தார். பெயர் பரீதா. கரைத்தீவுப் பக்கத்து ஊர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் குடியேற்றம் அது. நானும் அப்படி வந்தவன் என்பதால் அந்த ஊரில் என்னைத் தெரியும். அவர் கந்தோருக்குள் போகவில்லை. கெப் வண்டிக்குப் பக்கத்தில் நின்றே மிஸ்ஸோடு கதைத்தார். அதனால் எனக்கும் கேட்டது.

அவருடைய கணவர் அன்சார். மிளகாயும் கச்சான் கடலையும் போடுகிறவர். நல்ல தோட்டக்காரர். கை டிராக்டரில் பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைக்கும்போது பெல்ட் கத்தியிருக்கிறது. பெல்ட் கத்தினால் நம் ஆட்கள் செய்வது உங்களுக்குத் தெரியும். சவர்க்காரக் கட்டியை எடுத்து, ஓடுகிற பெல்ட்டிலேயே தேய்ப்பார்கள். சத்தம் நின்றுவிடும். மெஷினை நிறுத்திவிட்டுத் தேய்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அன்சாரும் அப்படித்தான் தேய்த்தார். கட்டி வழுக்கியது. கை உள்ளே போனது. வலக்கையில் நடு மூன்று விரலும் போய்விட்டன.

காயம் ஆறிவிட்டது. ஆள் ஆறவில்லை. ஆசுபத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஜும்ஆவுக்குப் போவதில்லை. பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவதில்லை. சாப்பாட்டை அறைக்குள் வாங்கிக் கதவைச் சாத்திக்கொள்வார். இடக்கையால் சாப்பிடலாம், ஏலாதவனுக்குக் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து சொல்லிவிட்டார். அன்சாருக்குப் பிரச்சினை மார்க்கம் இல்லை. ஆட்களின் கண். ஒருநாள் குடும்ப சுகாதார மிஸ் வீட்டுக்கு வந்தபோது பின்கதவால் வேலி தாண்டிப் போய்விட்டார்.

"விரல் போனது பரவால்ல மிஸ்," என்றார் பரீதா. "ஆள் போயிரக் கூடா."

வீட்டில் பயிர் மருந்து இருக்கிறதா என்று மிஸ் மெதுவாகக் கேட்டார். எல்லாப் போத்தலையும் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்கு மாற்றிவிட்டேன் என்றார் பரீதா. நல்ல வேலை செய்தீர்கள் என்று மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் இந்த வேலைத்திட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கியது.

மிஸ் ஓடித் திரிந்து ஒரு நாள் ஒழுங்கு செய்தார். அந்த ஊர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் செயலமர்வு. ஆசுபத்திரியிலிருந்து உளநல டொக்டர் வருவார். குருநாகல் பக்கத்துச் சிங்களவர். மெதுவாகத் தமிழ் பேசுவார். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அவர் போய்விட வேண்டும், வேறொரு கிளினிக் இருந்தது. அந்த நேரத்துக்குள் அன்சாரை எப்படியாவது அவர் கண்ணில் காட்ட வேண்டும். இதுதான் மிஸ்ஸின் எண்ணம். அது மிஸ்ஸுக்கும் பரீதாவுக்கும் டொக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நாற்பது பேர் வருவார்கள் என்று கணக்கு. நாற்பது சோத்துப் பார்சல் புத்தளத்தில் சொல்லி வைத்தோம். அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசிக்கும்படி மிஸ் எழுதி மோதினாரிடம் கொடுத்தார். மோதினார் வயதானவர். பாங்கு சொல்வதும் அவர்தான், ஊர்ச் செய்தி சொல்வதும் அவர்தான்.

அன்று பார்சல்களை ஏற்றிக்கொண்டு மத்தியான லுஹர் தொழுகை முடிகிற நேரத்துக்குப் போனோம். பள்ளிக்குப் போகும் ஒழுங்கைக்குள் கெப் வண்டி நுழைய முடியவில்லை. மோட்டார் சைக்கிள். கை டிராக்டர்ப் பெட்டி நிறையப் பெண்கள், பிள்ளைகள். ஒரு குடும்பம் பாயும் கொண்டு வந்திருந்தது. முழு ஊரும் அங்கே. பக்கத்து ஊரிலிருந்தும் ஆள்.

மண்டபத்துக்குள் பதாகை கட்டியிருந்தது. 'விவசாயிகளின் உளநலமும்' என்று தொடங்கும் பதாகை. கட்டியவர் மோதினார். 'உள' என்ற இரண்டு எழுத்தும் ஒரு மடிப்புக்குள் போயிருந்தன. விவசாயிகளின் நலமும் என்று அழகாக இருந்தது. மிஸ் மடிப்பைக் காட்டிக் கேட்டார். துணி பெரிசு, சுவர் சின்னது என்றார் மோதினார்.

மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அறிவித்தல் வாசிச்சீங்களா?"

"எழுதித் தந்ததத்தான் வாசிச்ச. கொஞ்சம் சுருக்கின."

"எதச் சுருக்கினீங்க?"

"மேல உள்ளத."

"கீழ?"

"கீழ சாப்பாடு எண்டு இருந்திச்சு. அத விட ஏலாதே."

பிறகு விவரம் சொன்னார். உளநலம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் சொன்னால் நாளைக்கு இந்த ஊரில் பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள். ஊரோடு பைத்தியம் என்பார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, லுஹருக்குப் பிறகு சாப்பாடு, சஹன் வைக்கிறோம், எல்லாரும் வாங்க என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். பள்ளியில் சாப்பாடு என்றால் அவருக்கு வேறு அர்த்தம் இல்லை.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமாருக்காகச் சொல்கிறேன். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறி வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து கையால் சாப்பிடுவது. கலியாணத்துக்கும் அதுதான், கந்தூரி விருந்துக்கும் அதுதான். ஆறு பேர் சேருமுன் கை வைக்க மாட்டார்கள். தன் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இருநூறு பேருக்கு மேல் வந்து நிற்கிறார்கள். எங்களிடம் நாற்பது பார்சல். டொக்டரும் வந்து இறங்கிவிட்டார்.

மிஸ் என்னிடம் ஓடி வந்தார். புத்தளத்துக்குப் போய் எந்தக் கடையிலாவது எவ்வளவு பார்சல் கிடைக்குமோ அவ்வளவும் எடுத்து வரச் சொன்னார். நான் ஏறினேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். சீட் பெல்ட் போட்டேன். கியரைப் போடும்போது மிஸ் வந்து கதவில் தட்டினார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, நிப்பாட்டுங்க. போக வேணாம்."

நிறுத்தினேன்.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அதிகாரி ஓடு என்றால், ஓடத்தான் வேண்டும். ஆனால் கண்ணாடியைச் சரிசெய்ய மறக்காதீர்கள். அந்த இடைவெளியில் நல்ல அதிகாரிக்கு வேறு யோசனை வரும். கெட்ட அதிகாரிக்கு வராது, அப்போது ஓடுங்கள்.

நான் போய் வருவதற்குள் பசியில் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். கலைந்தால் அந்த ஊருக்கு இனி எந்த வேலைத்திட்டத்தோடும் போக முடியாது. மிஸ் அதை யோசித்திருக்கிறார். பள்ளியில் எத்தனை சஹன் தட்டு இருக்கிறது என்று மோதினாரிடம் கேட்டார். தட்டுக்குக் குறைவில்லை என்றார் மோதினார். பார்சல் எல்லாவற்றையும் பிரித்துத் தட்டில் கொட்டச் சொன்னார் மிஸ். பிறகு பெண்கள் பக்கம் போய் உள்ளதை அப்படியே சொன்னார். கணக்குப் பிழைத்துவிட்டது, எங்களிடம் இவ்வளவுதான் இருக்கிறது, உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார்.

ஒரு பெண், எங்கட வீட்டுல கருவாட்டுக் கறி மிஸ், பரவால்லயா என்றார். பரவாயில்லை என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒழுங்கை முழுக்கச் சட்டி. இறால் கறி வந்தது, பருப்பு வந்தது, மீன் பொரியல் வந்தது, பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த முட்டை வந்தது. ஒரு வீட்டில் ஒன்றும் இல்லை, தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொண்டு வந்தார்கள். ஒரு சஹன் போல் மற்றது இல்லை. எந்தத் தட்டில் இறால் இருக்கிறது என்று பார்த்து இடம் பிடித்தார்கள். இரண்டு மச்சான்மார் ஒரே இடத்துக்குச் சண்டை பிடித்து, கடைசியில் இருவருக்கும் கருவாடு கிடைத்தது.

மோதினார் நடுவில் நின்று ஆட்களை எண்ணி இருத்தினார். எங்கே ஐந்து பேரோ அங்கே ஒருவரைப் பிடித்துத் தள்ளினார். கடைசிச் சஹன் எங்களுடையது. டொக்டர், மோதினார், நான், வெங்காயம் போடும் நானா தம்பி இரண்டு பேர். ஐந்து. பார்சல் இறைச்சியில் கடைசிப் பங்கு எங்கள் தட்டில்தான் இருந்தது. டொக்டருக்கு ஒரு பீங்கான் தட்டும் கதிரையும் தருவோம் என்று மிஸ் சொன்னார். டொக்டர் வேண்டாம் என்று கீழே இருந்துவிட்டார்.

ஆறாவது ஆள் இல்லை. மோதினார் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் தட்டுகளைச் சுற்றி இருந்துவிட்டார்கள். வாசலுக்குப் போனார். ஒழுங்கையில் யாரும் இல்லை. அந்த ஊரில் வீட்டுக்குள் இருந்தது ஒரே ஒரு ஆம்பிளைதான்.

அன்சாரின் வீடு பள்ளிக்கு நேர் எதிரே. ஜன்னல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும். மோதினார் அங்கே போய் நின்றார். எங்களுக்கு எல்லாம் கேட்டது. மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மோதினாருக்கு எங்கள் எண்ணம் எதுவும் தெரியாது. அவருக்கு இருந்தது பசி.

"அன்சார், சஹனுக்கு ஓராள் குறையுது."

உள்ளே இருந்து குரல் வந்தது.

"நான் சாப்பிட்டுட்டன்."

"ஒண்ட பொஞ்சாதி அங்க சட்டி தூக்கித் திரியுறா. ஆரு ஒனக்குச் சமைச்ச?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"இஞ்ச பாரு. அஞ்சு பேரு தட்டப் பாத்துக்கிட்டு இருக்கிறம். டொக்டர் ஒராள் வந்திரிக்கிறாரு, கீழ இருந்து பழக்கமில்ல, கால் மரத்துப் போச்சாம். நீ வந்தாத்தான் நாங்க கை வைக்கலாம். வராட்டிச் சொல்லு, நான் மத்த ஊருக்குப் போய் ஆளத் தேடுறன்."

அந்த மனிதரிடம் இத்தனை மாதம் எல்லாரும் போனது எதையாவது கொடுக்கத்தான். ஆறுதல், புத்தி, மருந்து, ஓதிய தண்ணீர். அவரிடம் ஒன்றைக் கேட்டுப் போனவர் மோதினார்தான். நீ இல்லாமல் எங்களுக்குக் குறையுது என்று சொன்னவரும் அவர்தான். அது பொய்யும் இல்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்துதான்.

கதவு திறந்தது.

தாடி வளர்ந்திருந்தது. சாரம் கசங்கியிருந்தது. வலக்கையைத் துவாயால் சுற்றியிருந்தார். யாரையும் பார்க்காமல் வந்து எனக்கும் டொக்டருக்கும் நடுவில் இருந்தார். பக்கத்துச் சஹன்களில் கதை நின்றது. மோதினார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கதை திரும்பத் தொடங்கியது.

எங்கள் சஹனுக்குக் கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றுகிற கெண்டியும் கழுவிய தண்ணீர் விழும் படிக்கமும் என் கையில். டொக்டருக்கு ஊற்றினேன். அன்சாரிடம் வந்தேன். இடக்கையை நீட்டினார். ஊற்றினேன். நீட்டிய கைக்கு ஊற்றுவது என் வேலை.

"மத்தக் கை ஆருக்கு?" என்றார் மோதினார். "கெதியாக் காட்டு, நேரம் போவுது."

துவாய் அவிழ்ந்தது. பெருவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் தோல் இன்னும் சிவப்பு.

டொக்டருக்கு எவ்வளவு ஊற்றினேனோ அவ்வளவு ஊற்றினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் முழுச் சேவைக் காலத்திலும் நான் ஒழுங்காகச் செய்த வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். அன்சார் தொடங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

டொக்டருக்குச் சஹன் புதிது. நடுவில் இருந்த நல்ல இறைச்சித் துண்டைப் பார்த்தார். எட்டி எடுத்தார். அதோடு மோதினார் பக்கத்துச் சோறும் சரிந்து வந்தது. மோதினார் அவரைப் பார்த்தார். டொக்டர் மென்றுகொண்டே தலையாட்டினார்.

அன்சார் வாய் திறந்தார்.

"டொக்டர், அது மோதினார்ட பக்கம்."

"பக்கம் இருக்கா?" என்றார் டொக்டர்.

"இருக்கு. இந்தா, இதுதான் ஒங்கட வேலி."

சோற்றில் ஒரு கோடு கீறிக் காட்டினார். சுண்டுவிரலால். வலக்கைச் சுண்டுவிரலால். மடியிலிருந்து கையை எடுத்தது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"எடுக்கட்டும், எடுக்கட்டும்," என்றார் மோதினார். "என்ட பக்கம் எலும்புதான் இரிக்கு."

வெங்காயக்காரர் இருவரும் வாயில் சோற்றோடு சிரித்து, ஒருவருக்குப் புரையேறியது. முதுகில் தட்டினோம். அந்தக் கலவரத்துக்குள் அன்சாரின் கை தட்டுக்குள்ளேயே இருந்தது. சோற்றைப் பிடித்தார். விழுந்தது. திரும்பப் பிடித்தார். விழுந்தது. பிறகு உள்ளங்கையால் வாரி, பெருவிரலால் தள்ளினார். போனது.

யாரும் பார்க்கவில்லை. சஹனில் அடுத்தவன் பக்கம் பார்ப்பது மரியாதை இல்லை. ஆட்களின் கண்ணுக்குப் பயந்து இத்தனை மாதம் அறைக்குள் இருந்த மனிதர், ஊரிலேயே யாரும் பார்க்காத ஓர் இடத்தில் வந்து இருந்துவிட்டார்.

டொக்டருக்கு அந்த மரியாதை தெரியாது. அவர் நேராகவே பார்த்தார். எப்படி நடந்தது என்று சாதாரணமாகக் கேட்டார். அன்சார் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். பெல்ட், சவர்க்காரம், எல்லாம். நித்திரை எப்படி என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றார். அதற்கு மேல் டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் இறைச்சித் துண்டை வேலி தாண்டி அவர் பக்கம் தள்ளினார். இப்படித் தரலாமா என்று மட்டும் கேட்டார். தரலாம், எடுக்கத்தான் கூடாது என்றார் மோதினார்.

சாப்பாடு முடிந்தது. மிஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். கம்பி வலையில் செய்த பெல்ட் மூடி ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அதை மாட்டினால் மெஷினை நிறுத்தாமல் பெல்ட்டைத் தொட முடியாது. நல்ல சாமான். ஆனால் வயிறு நிறைந்த ஆட்கள். பாதிப் பேர் தூணில் சாய்ந்துவிட்டார்கள். ஓடுகிற பெல்ட்டுக்கு யார் சவர்க்காரம் தேய்க்கிறீர்கள், கை தூக்குங்கள் என்றார் மிஸ். ஒரு கையும் எழும்பவில்லை. அரசாங்கம் கேட்டால் யாரும் ஒன்றும் செய்வதில்லை. உங்களுக்கும் இது பழகும்.

"பொய் மிஸ்."

பின்னால் இருந்து குரல். அன்சார் எழும்பி நின்றார். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மிஸ் நடந்து போய் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார். இரண்டு விரலால் பிடிக்க வசதியில்லை. இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மஜீத் நானா தேய்க்கிற. முந்தாநாள் விடிய, சுபஹுக்குப் பிறகும் தேய்ச்ச."

மஜீத் நானா என்கிறவர் எழும்பி, நீ வெளியிலேயே வாறதில்ல, எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்.

"பாக்கல்ல. கேட்ட. எல்லாருட பெல்ட்டும் என்ட ஜன்னலுக்குக் கேக்கும். கத்துற பெல்ட் சத்தம் டக்கெண்டு நிண்டா அது சவர்க்காரம். ஒங்கட பெல்ட் ரெண்டு தரம் நிக்கும். இர்பான்ட ஒரு தரம். லெப்பைட மகன்ட நிக்கவே மாட்டா, அவன் கஞ்சன், சவர்க்காரம் வாங்க மாட்டான்."

மண்டபம் அதிர்ந்தது. லெப்பையின் மகனை அடித்தார்கள், தள்ளினார்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லக் கை எழும்பியது. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. அன்சார் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றார்.

"நானும் கனக்க வருஷம் தேய்ச்ச. ஒண்டும் நடக்கல்ல. ஒரு நாள்தான் நடந்த."

வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒங்கட பெல்ட் சத்தம் நிக்கிற நேரமெல்லாம் நான் கட்டில்ல எழும்பி இருக்கிறன். அலறல் கேக்குமா எண்டு பாத்துக்கிட்டு இருக்கிறன். மெஷின் மட்டும் அப்பிடியே ஓடுற சத்தம் கேட்டாத்தான் படுக்கிற. ஒராள்ட முடிய மத்தாள்ட தொடங்கும். மூடி போடுங்க. எனக்கு நித்திர கொள்ளணும்."

ஒலிவாங்கியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மஜீத் நானா எழும்பிப்போய் மேசையில் இருந்த மூடியைக் கையில் எடுத்தார். இதை யார் மெஷினில் ஒட்டிக்கொடுப்பது என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மிஸ் பெயர் எழுதத் தொடங்கினார். எழுதும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அந்த முறை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன்.

டொக்டர் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. அன்சாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வரும்படி சொன்னார். அன்சார் மண்டபத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பைத்தியம் எண்டு எழுதுவீங்களா?"

டொக்டர் யோசித்தார். தமிழ் வார்த்தை தேடினார் என்று நினைக்கிறேன்.

"இல்ல. நித்திர இல்ல, பெல்ட் சத்தம். அப்பிடி எழுதுறன்."

"அப்ப வாறன்," என்றார் அன்சார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்படி நடப்பதில்லை. அவர் கனக்க நாள் மாத்திரை குடித்தார். டொக்டரோடு பலமுறை இருந்து கதைத்தார். இரண்டு தரம் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். மோதினார் ஜன்னலில் போய் நின்றார். மூடி போடாத வீடும் ஊரில் ஒன்றிரண்டு இருந்தது. அன்சார் நேரே போய்ச் சண்டை பிடித்துப் போட வைத்தார். அடுத்த போகத்தில் மிளகாய் நட்டார்.

நீங்களும் ஊர் ஊராகப் போவீர்கள். உதவி செய்ய வந்திருக்கிறோம் என்று சொல்லிக் கதவைத் தட்டாதீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவருக்கு உதவி போதும் போதும் என்று இருக்கும். அவரால் உங்களுக்கு ஆக வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பொய் சொல்லாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்.

முதல் செவ்வாய்க்கிழமை புத்தளத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனது நான்தான். மிஸ் அனுமதி வாங்கித் தந்தார். அன்சார் முன் சீட்டில். பரீதா பின்னால். அன்சார் தாடி மழித்து, சட்டையை அயன் பண்ணிப் போட்டிருந்தார். பேசாமல் வருவார் என்று நினைத்து நானும் பேசவில்லை. எனக்கு அது வசதி.

ஊர் எல்லை தாண்டவில்லை, தொடங்கிவிட்டார். நானா, ஒங்கட ஃபேன் பெல்ட் கத்துது, சவர்க்காரம் பூசிராதீங்க என்றார். பிறகு மஜீத் நானாவின் மெஷின். பிறகு மிளகாய்க்கு வரும் நோய். பிறகு மோதினார் சின்ன வயதில் மீன் திருடிய கதை. உப்பளம் வந்தது, அதைப் பற்றியும் சொன்னார். ஆசுபத்திரி வாசலில் நிறுத்தியபோதும் மோதினாரின் மீன் முடியவில்லை.

நான் கண்ணாடியில் பார்த்தேன். பரீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"டிரைவர் நானா," என்றார். "பேச வைக்க மருந்து கேக்கத்தான் இவர டொக்டர்ட்டக் கூட்டி வந்த. இப்ப பேச்ச நிப்பாட்ட ஒண்டு தருவாரா எண்டு கேக்கப் போறன்."

அன்சார் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்று, மீன் கதையை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.